தெருவைக் கூட்டிக்கொண்டு போனவள்

விசா கிடையாது என்று எழுதிய தாளை மஞ்சள் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு முப்பிடாதி சென்னையிலிருந்து ஊர் திரும்பிய மறுநாள், அவள் குடியிருந்த வண்டிமறிச்சியம்மன் கோயில் தெரு அவள் பின்னாலேயே கிளம்பி எலுமிச்சை மார்க்கெட் வரைக்கும் போனது. தெருச் சனங்கள் போனார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தெருவேதான் போனது. வேப்பமரம், அடிகுழாய், மைதீனின் டீக்கடை, வாசல்களில் கட்டிக் கிடந்த ஆடுகள், கொடியில் காய்ந்த பாவாடை சட்டைகள், சாக்கடைக்கு மேல் பாலமாகப் போட்டிருந்த கல், அத்தனையும் இருந்தது இருந்தபடி, அடுப்பில் இருந்த பாலில் ஆடை கலையாமல், தொட்டிலில் கிடந்த பிள்ளை முழிக்காமல், அவள் காலடிக்குப் பின்னால் காலடியாக நகர்ந்து போய், ஏலம் நடக்கிற கொட்டகைக்குப் பக்கத்தில் அவள் நின்ற இடத்தில் நின்றது.

தெரு ஏன் போனது என்று கேட்கிறவர்கள், அவள் சென்னைக்கு ஏன் போனாள் என்று முதலில் கேட்க வேண்டும்.

முப்பிடாதிக்கு ஒரே மகள், ஆவுடைச்செல்வி. கல்யாணமாகிப் புருசனோடு வருசத்தில் பாதி நாள் பனி கொட்டுகிற ஒரு தேசத்துக்குப் போனவள். அங்கே அவளுக்கு முதல் பிள்ளை பிறந்து, அங்கேயே கண்ணை மூடிவிட்டது. அன்றைக்குத் தாயும் மகளும் ஆளுக்கொரு போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்கப் பேசாமல் இருந்தார்கள்; மகள் மூச்சு விடுகிற சத்தம் கேட்கிறதா என்று கேட்டுக்கொண்டே முப்பிடாதி கமிஷன் கடையில் எலுமிச்சம்பழம் தரம் பிரித்தாள், நல்லது ஒரு பக்கம், புள்ளி விழுந்தது ஒரு பக்கம் என்று கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. இப்போது ஆவுடை மறுபடியும் உண்டாகியிருந்தாள். பனிக்குடத் தண்ணீர் குறைவு, எழுந்து நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். புருசன் வேலைக்குப் போனால்தான் வீட்டில் அடுப்பு எரியும். "யம்மா, இந்தத் தடவை நீ இங்க இரு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்று மட்டும் ஆவுடை சொன்னாள்.

பால் பொங்குவதற்கு முன்னால் பொங்கிவிடுமோ என்று கவலைப்படுகிறவள், பொங்கி முடித்த பின்னால் சரியாகப் பொங்கவில்லையோ என்று கவலைப்படுகிறவள் முப்பிடாதி. அவளிடம் போய் இப்படிச் சொன்னால் என்ன ஆகும்? பேறுகால மருந்தை யார் இடிப்பார்கள், பச்சை உடம்புக்காரிக்கு வெந்நீர் யார் ஊற்றுவார்கள், பிள்ளைக்குத் தலை உருண்டையாக வரும்படி உருட்டிவிட யாருக்குத் தெரியும், இதையெல்லாம் நினைத்து நினைத்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. புருசன் செத்த நாளிலிருந்து ஊர் எல்லை தாண்டாதவள் பாஸ்போர்ட் எடுத்தாள், விசாவுக்கு எழுதிப் போட்டாள், சென்னைக்கு வரச்சொல்லித் தேதி கொடுத்தார்கள்.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பொம்பளை பெரிய காரியத்துக்குக் கிளம்பினால் வீட்டுக்கு ஒரு பொருள் அவள் உடம்பில் ஏறும். எதிர்வீட்டில் இருந்த சொர்ணக்கிளி, முப்பிடாதியின் புருசனோடு கூடப் பிறந்த தங்கச்சி, ஒத்த வயசுக்காரி, தன் கல்யாணப் பட்டுச்சேலையைக் கொண்டுவந்து கட்டிவிட்டாள். ஒரு வீட்டுச் சங்கிலி, ஒரு வீட்டு வளையல், ஒரு வீட்டுச் செருப்பு, ஒரு வீட்டுக் குடை. மைதீன் கடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, யக்கா, கையில கெடிகாரம் இருந்தாத்தான் ஆபீசருமாரு மதிப்பாங்க என்று தன் வாட்சைக் கழற்றிக் கட்டிவிட்டான். அவள் கைக்கு அது தொளதொளவென்று இருந்தது.

சென்னை விசா ஆபீசில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்கார ஆபீசர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், அவர் கேட்பதைத் தமிழில் சொல்வதற்கு ஒரு பெண்பிள்ளை. வீடு சொந்தமா? இல்லை, வாடகை. நிலம்? இல்லை. வேலை? எலுமிச்சம்பழம் தரம் பிரிக்கிறது. அதற்குச் சம்பளச் சீட்டு? அப்படி ஒன்று உண்டா என்று முப்பிடாதி திருப்பிக் கேட்டாள். ஆபீசர் அவள் கழுத்தையும் பட்டையும் பார்த்தார். போட்டிருப்பதெல்லாம் உங்களுடையதுதானே அம்மா என்று அந்தப் பெண்பிள்ளை கேட்டாள். ஆமாம் என்று சொல்லுங்களேன் என்கிற மாதிரி இருந்தது அவள் குரல். ஆனால் பொய் சொன்னால் முப்பிடாதிக்கு வயிற்றைக் கலக்கும். சங்கிலி இன்னார் வீட்டுது, செருப்பு இன்னார் வீட்டுது, பட்டு என் நாத்தனாருது, வாட்சு டீக்கடைத் தம்பியுது என்று தலையிலிருந்து கால் வரைக்கும் ஒன்று விடாமல் ஒப்பித்தாள். அந்தப் பெண்பிள்ளை ஒரு நிமிசம் கண்ணை மூடித் திறந்துவிட்டு அதைத் தன் பாசையில் அவருக்குச் சொன்னாள்.

அங்கே கொடுத்தனுப்பிய தாளில் எழுதியிருந்ததை மைதீன் டீக்கடையில் வைத்து வாசித்துத் தமிழில் சொன்னான். இந்தம்மா தன் மகள் வீட்டுக்குப் போனால், இவரைத் திரும்ப ஊருக்கு இழுக்கும்படியாக அங்கே ஒன்றும் இல்லை என்று கருதுகிறோம்.

தெரு பேச ஆரம்பித்தது நிற்கவில்லை. அப்படியென்றால் நாங்களெல்லாம் கோழி கிண்டின குப்பையா, தண்ணி வந்தால் இவள் குடத்தையும் சேர்த்துப் பிடித்து வைக்கிறோமே அது ஒன்றும் இல்லையா, இவள் புருசனைத் தூக்கிக்கொண்டு போனோமே அந்தத் தோள் ஒன்றும் இல்லையா என்று வீட்டுக்கு வீடு கேட்டார்கள். முப்பிடாதி அதில் கலந்துகொள்ளவில்லை. வீட்டுக்குள் போனாள், பட்டை மடித்தாள், சங்கிலியைத் துடைத்தாள், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வாசல் வாசலாகப் போய்த் திருப்பிக் கொடுத்தாள். அதோடு நிற்கவில்லை. எப்போதோ வாங்கியிருந்த சல்லடை, குழவி, முறம், இட்லித் துணி, ஊசி நூல் வரைக்கும் அன்றைக்குப் பொழுதுக்குள் கொடுத்து முடித்தாள். பாத்திரத்தை வெறுமனே கொடுக்கக் கூடாது என்பதால் ஒவ்வொன்றிலும் ஒரு எலுமிச்சம்பழத்தைப் போட்டுக் கொடுத்தாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. விடிந்ததும் அவள் மார்க்கெட்டுக்குக் கிளம்பினாள். தெரு பின்னாலேயே போனது.

மார்க்கெட்டில் ஏலம் கூறிக்கொண்டிருந்தவர் மூச்சு வாங்கத் திரும்பினார், பின்னால் அடிகுழாய் இருந்தது. தாகத்துக்கு ரெண்டு மடக்குக் குடித்துவிட்டு விட்ட விலையிலிருந்து தொடர்ந்தார். கமிஷன் கடை முதலாளி, முதலில் ஆடுகளைக் கட்டுங்கள், பழத்தில் வாய் வைத்தால் நான் பொறுப்பில்லை என்றார். அதுக்கு மேல் யாரும் அதைப் பெரிசாக எடுக்கவில்லை. இதற்கு முன்னால் ஒரு தெரு நடந்ததில்லைதான். ஆனால் ஊரில் எவளையும் பார்த்து உன்னை இழுக்க இங்கே ஒன்றும் இல்லை என்று எவனும் எழுதிக் கொடுத்ததும் இல்லையே என்று ஊர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டது. சாயங்காலம் முப்பிடாதி வீட்டுக்குத் திரும்பினாள், தெருவும் திரும்பி வந்து பழைய இடத்தில் படுத்துக்கொண்டது. எலுமிச்சை வாடை மட்டும் போக நேரமானது.

அதற்குப் பிறகு அப்படியே பழகிப்போனது. தபால்காரர் தெருவைத் தேடுவதை விட்டுவிட்டு முப்பிடாதியைத் தேட ஆரம்பித்தார், அவளைக் கண்டுவிட்டால் தெருவைக் கண்ட மாதிரி. அவள் ரேசன் கடை வரிசையில் போய் நின்றால் மொத்தத் தெருவுக்கும் வரிசையில் இடம் கிடைத்தது. அடுத்த தெருக்காரர்கள் இது நியாயமா என்று கேட்டார்கள், சொர்ணக்கிளி உங்க தெருவையும் நடக்கச் சொல்லுங்க, நாங்களா பிடிச்சு வச்சிருக்கோம் என்றாள். மாதம் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய வாதநோய்க்காரர் ஒருவர், தாயி, இன்னைக்கு அந்தப் பக்கமா ஒரு எட்டுப் போயிட்டு வாயேன் என்று கட்டிலில் இருந்தபடியே கேட்டுக்கொண்டார். வேலைக்குப் போனவர்கள் திரும்பி வந்து பார்த்தால் வெறும் பொட்டல் கிடக்கும், அதில் பக்கத்துத் தெருக்காரர்கள் மிளகாய் வத்தல் காயப்போட்டிருப்பார்கள். முப்பிடாதியம்மா எங்க போயிருக்காக என்று கேட்டு, மாவு மில்லுக்கு என்றால் மாவு மில்லுக்கு நடந்து, தங்கள் வீட்டுக்குள் நுழைந்து கால் கழுவினார்கள். கோவில்பட்டியிலிருந்து பெண் பார்க்க வந்த ஒரு கூட்டம் விலாசத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றி, கடைசியில் மாட்டுச் சந்தைக்குப் பின்னால் பெண் வீட்டைக் கண்டுபிடித்தது. மாப்பிள்ளை வீட்டார் முதலில் முகத்தைச் சுளித்தார்கள். பிறகு, நம்ம ஊருக்கே ஒருநாள் தெருவோடு வந்து பெண்ணை விட்டுவிட்டுப் போவார்களா என்று கேட்டுச் சம்மதம் சொன்னார்கள்.

கடைவீதிக்காரர்கள் புகார் எழுதிப் போட, நகராட்சியிலிருந்து அளக்கிற ஆட்கள் டேப்போடு வந்தார்கள். ஒரு முனையைப் பிடித்து மறுமுனைக்குப் போவதற்குள் முப்பிடாதிக்கு உப்பு வாங்க வேண்டிய ஞாபகம் வந்துவிட்டது. டேப்பும் அளந்தவர்களும் கடைவீதியில் போய் நின்றார்கள்.

தெருவுக்கு இதெல்லாம் பெருமையாக இருந்தது. முப்பிடாதிக்கு அது அடிவயிற்றில் கல்லாக இருந்தது. வேகமாக நடந்தால் யார் வீட்டு ஓடாவது சரியுமோ என்று மெதுவாக நடந்தாள். கிளம்புவதற்கு முன்னால், நான் எந்திரிக்கேன், அடுப்புல இருக்கிறதை இறக்கிக்கோங்க என்று சத்தம் கொடுத்தாள். ரயில் வருகிற நேரம் தண்டவாளம் தாண்டவில்லை. ஆற்றில் கால் நனைக்கவில்லை. பிள்ளைகள் தூங்குகிற வீடுகள் பின்னால் வருகின்றனவே. ஆட்டோவில் ஏறிப் பார்த்தாள், தெரு ஆட்டோ வேகத்துக்கு வந்தது. யாருக்கும் சொல்லாமல் கொல்லைப்பக்கமாக இறங்கிப் பார்த்தாள், கொல்லையும் தெருவோடு சேர்ந்ததுதான் என்பது அப்போது விளங்கியது. வண்டிமறிச்சியம்மனுக்குப் பொங்கல் வைத்துக் கேட்டாள். சாமியாடி மேல் சாமி இறங்கி ஆடி, என் வேலை வண்டியை மறிக்கிறது, தெருவை மறிக்கச் சொன்னா நான் என்ன செய்வேன் என்று சொல்லிவிட்டு மலையேறியது.

இதை இழுத்துக்கொண்டு கடல் தாண்டுவது எப்படி? இதுதான் அவளுக்கு உட்கார்ந்தாலும் நின்றாலும் நினைப்பு. நடுக்கடலில் ஏதாவது ஆகிவிட்டால் பாவம் யாரைப் பிடிக்கும்? அதற்குள் ஆவுடைக்குப் பிரசவத் தேதியை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டதாகத் தகவல் வந்தது. பனிக்குடத் தண்ணீர் இன்னும் குறைந்திருந்தது. யம்மா கிளம்பிட்டியா என்று கூட அவள் கேட்கவில்லை, போனை எடுத்து மூச்சு விட்டுக்கொண்டு இருந்தாள். முப்பிடாதி அந்த மூச்சை அறிவாள். அன்றைக்கே மைதீனைக் கூப்பிட்டு மறுபடியும் விசாவுக்கு எழுதிப் போடச் சொன்னாள். இந்தத் தடவை யாரிடமும் எதுவும் வாங்கிப் போடவில்லை. வேலைக்குக் கட்டுகிற நூல்சேலை, கழுத்தில் கறுப்புக் கயிறு, காலில் தன் செருப்பு.

சென்னை பஸ்ஸில் கண்டக்டர், பின்னால் வருகிற தெருவுக்கு லக்கேஜ் போட வேண்டுமா என்று புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். தெருவுக்கு அதில் கட்டணம் எழுதியிருக்கவில்லை, விட்டுவிட்டார். விருதுநகர், மதுரை, திருச்சி என்று ஒவ்வொரு ஊர்க்காரர்களும் சாலையோரத்தில் நின்று, வேப்பமரம் ஒன்று பஸ்ஸுக்கு வழிவிட்டுப் பின்னாலேயே போவதைப் பார்த்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். சொர்ணக்கிளி வழியெல்லாம் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே வந்தாள். முப்பிடாதியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் தடவை இவள் ஊர் திரும்பிய அன்றிலிருந்தே அவள் சரியாகப் பேசுவதில்லை.

விசா ஆபீஸ் வாசலில் விடியும்போதே பெரிய வரிசை நின்றிருந்தது. கையில் பைல், கண்ணில் தூக்கம், உட்கார ஒரு கல் கிடையாது, ஒதுங்க ஒரு நிழல் கிடையாது. முப்பிடாதி வந்து வரிசையில் நின்றதும் அத்தனை பேருக்கும் தலைக்கு மேல் வேப்பமரம் இருந்தது. சொர்ணக்கிளி வீட்டுக்குள்ளிருந்து முக்காலி, நாற்காலி, கவிழ்த்துப் போட்ட வாளி என்று எடுத்துப் போட்டாள். மைதீன் பாய்லரைப் பற்றவைத்தான். போன் கூடாது, பை கூடாது, கூட வருகிறவர்கள் கூடாது என்று பலகையில் எழுதியிருந்தது. வாசல் காவலாளி அதை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தார். தெரு கூடாது என்று இல்லை. உள்ளே விட்டார்.

அதே கண்ணாடி, அதே ஆபீசர், அதே பெண்பிள்ளை. திரும்ப உங்களை ஊருக்கு இழுப்பதற்கு என்ன இருக்கிறது என்று அதே கேள்வி. முப்பிடாதி தாடையை மட்டும் பின்பக்கமாக அசைத்துக் காட்டினாள். ஆபீசர் எட்டிப் பார்த்தார். அடிகுழாயில் குடங்கள் வரிசையாக நின்றன, ஒரு ஆடு அவரையே பார்த்து அசைபோட்டது, வாதநோய்க்காரர் கட்டிலிலிருந்து கும்பிட்டார். ஆபீசர் வெகுநேரம் பார்த்தார். எழுந்து உள்ளே போனார், பெரிய ஆபீசரிடம் கேட்டார், அவர் தன் தேசத்துக்குப் போன் போட்டுக் கேட்டார். திரும்பி வந்து சொன்னதை அந்தப் பெண்பிள்ளை தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னாள். முன்னே இழுக்க ஒன்றும் இல்லை என்று எழுதினோம், இப்போது இழுப்பு ரொம்ப அதிகமாக இருக்கிறது. நீங்கள் வந்தால் இதுவும் வரும். இதில் இருக்கிற ஒவ்வொருவரும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். மரத்துக்கு அனுமதியே கிடையாது, பூச்சி வரும். ஆகையினால் தெரு இங்கேயே நிற்கும் என்பதற்கும் நீங்கள் கட்டாயம் திரும்புவீர்கள் என்பதற்கும் உறுதி தரவேண்டும்.

முப்பிடாதிக்கு அதில் ஒரு வழி தெரிந்த மாதிரி இருந்தது. திரும்பி, "ஏளா சொர்ணம், இங்கனயே நிக்கச் சொல்லு எல்லாத்தையும். நான் போயிட்டு வந்திருதேன்" என்றாள்.

"நிக்காது மைனி" என்றாள் சொர்ணக்கிளி.

"ஏன் நிக்காது?"

"நீதான் வரமாட்டியே."

கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பெண்பிள்ளை இதையும் மொழிபெயர்ப்பதா வேண்டாமா என்று யோசித்தாள். சொர்ணக்கிளி கீரைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கிட்டத்தில் வந்தாள்.

"இட்லித் துணியைத் திருப்பிக் குடுத்தியே மைனி. நம்ம தெருவுல எவளாவது இட்லித் துணியைத் திருப்பிக் குடுத்துப் பாத்திருக்கியா? வீட்டைக் காலி பண்ணிட்டுப் போறவதான் குடுப்பா. ஒத்த எலுமிச்சம்பழத்தைப் போட்டு என் கையில குடுக்கும்போது நீ என் மூஞ்சியைக் கூடப் பாக்கலை. அந்த மனுசருக்குத் தெரியுதோ இல்லியோ, எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இந்தா நிக்க அடிகுழாய்க்கும் தெரிஞ்சுபோச்சு. அதான் வருது. உன்னை விட்டா திரும்பப் பாக்க மாட்டோம்னு வருது."

சொர்ணக்கிளி சொன்னது உண்மை. யாரிடமும் சொல்லவில்லை, அம்மனிடம் கூடச் சொல்லவில்லை. ஆனால் ஆவுடை ஒரு வார்த்தை, யம்மா இங்கேயே இருந்திரேன் என்று சொல்லிவிட்டால் இருந்துவிடுவதுதான் என்று அவள் மனசுக்குள் ஒரு ஓரத்தில் எப்போதோ முடிவு பண்ணி வைத்திருந்தாள். வாடகை வீட்டுக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் யார் திரும்பி வருவார்கள் என்று நினைத்திருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் சந்தேகப்பட்டது சரிதான். எதிர்வீட்டுக்காரி சந்தேகப்பட்டதும் சரிதான். ரெண்டு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள், ஒருவர் உட்கார்ந்துகொண்டு, ஒருத்தி நின்றுகொண்டு. அதை நினைத்த மாத்திரத்தில் அவளுக்கு வாழ்நாளில் வராத கோபம் வந்தது. எந்நேரமும் அடிவயிற்றில் கிடக்கிற அந்தப் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"நீயும் கேளு சொர்ணம். தாயி, நான் சொல்லுததை ஒண்ணு விடாம அவருகிட்டச் சொல்லு. என் மக ஒரு பிள்ளையைப் பறிகுடுத்துட்டு அங்க ஒத்தையில கிடந்தா. நான் இங்க போனுக்குள்ள அவ மூச்சை எண்ணிக்கிட்டுக் கிடந்தேன். இப்பமும் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். நான் போகணும். பிள்ளை பிறக்கணும், அவ எந்திரிச்சு நடமாடணும், அது வரைக்கும் இருப்பேன். அதுக்குப் பிறகு வாரதும் வராததும் என் காலு பாடு. அதுக்கு அவருக்கும் சத்தியம் பண்ண மாட்டேன், உனக்கும் பண்ண மாட்டேன், அந்த வேப்பமரத்துக்கும் பண்ண மாட்டேன். பெத்த மகளைப் பாக்கப் போறதுக்கு ஜாமீன் கேக்கீகளே, நான் என்ன களவாண்டுட்டா நிக்கேன்?"

அந்தப் பெண்பிள்ளை ஒன்று விடாமல் சொன்னாள். வேப்பமரத்தையும் சொன்னாள். ஆபீசர் கேட்டுவிட்டு, மன்னிக்கவும், அப்படியானால் தரமுடியாது, நீங்கள் போகலாம் என்றார்.

"சரி" என்று முப்பிடாதி வெளியே வந்து, ஆபீஸ் வாசலுக்கு நேரே, கார்கள் உள்ளே நுழைகிற இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததும் தெருவும் உட்கார்ந்தது. அவளை எழுப்ப வந்த காவலாளியிடம், நான் எந்திரிச்சாத்தான் அது எந்திரிக்கும், நான் இப்ப எந்திரிக்கிறதா இல்லை என்றாள். சொர்ணக்கிளி ஒரு கிண்ணத்தில் சோற்றைப் போட்டு, ரசம் ஊற்றி, அவள் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

அப்புறம் நடந்தது பட்டணம் முழுக்கத் தெரியும். ஆபீசர்மார் காரை எங்கேயோ நிறுத்திவிட்டு, தண்ணீர்க் குடங்களைத் தாண்டி, கோலத்தை மிதிக்காமல் ஓரமாக நடந்து வேலைக்குப் போகப் பழகினார்கள். முதலில் மூக்கைப் பொத்தினார்கள், பிறகு மைதீனிடம் சர்க்கரை கம்மியாக ஒன்று என்று கேட்டார்கள். தெருப் பிள்ளைகள் விசா ஆபீஸ் சுவரில் ஸ்டம்பு வரைந்து விளையாடினார்கள். வரிசையில் நின்றவர்களுக்கு நிழல் கிடைத்தது, உட்கார முக்காலி கிடைத்தது, அதையும் தாண்டி ஒன்று கிடைத்தது. உங்களைத் திரும்ப இழுப்பதற்கு என்ன இருக்கிறது என்று உள்ளே கேட்டால், திருவாரூர்க்காரரும் சேலத்துக்காரரும் தாடையைப் பின்பக்கம் அசைத்து, நானும் இந்தத் தெருதான் என்றார்கள். ஆபீசர் வெளியே வந்து சொர்ணக்கிளியிடம் விசாரித்தார். ஆமா, எங்க தெருதான், இவுக எனக்குப் பெரியப்பா முறை என்று அவள் கண் இமைக்காமல் சொன்னாள். முப்பிடாதியைப் போல் பொய் சொன்னால் அவளுக்கு வயிறு கலக்குவதில்லை.

தெருவை வாசலில் வைத்துக்கொண்டு, இழுக்க ஒன்றும் இல்லை என்று எத்தனை பேருக்குத்தான் அவர்கள் தாள் எழுதுவார்கள். ஒரு காலையில் பெரிய ஆபீசரே பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கோலத்தைச் சுற்றி நடந்து வந்தார். விசா குத்தியிருந்தது. உறுதி எதுவும் வேண்டாம் என்றும், வாசலை விட்டு எழுந்தால் போதும் என்றும், தெருவை எங்கே கொண்டுபோவீர்களோ கொண்டுபோங்கள் என்றும் அவர் சொன்னதாக அந்தப் பெண்பிள்ளை சொன்னாள். சொல்லும்போது அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டது முப்பிடாதிக்குத் தெரிந்தது.

முப்பிடாதி எழுந்தாள். பையை எடுத்தாள். விமான நிலையம் இருக்கிற திசையைப் பார்த்து நின்றாள், ஆனால் கால் எழவில்லை. இதுகளெல்லாம் குளிருக்குத் தாங்குமா, பச்சைப்பிள்ளைகளுக்குப் போர்வை கிடையாதே என்று பழையபடி கவலை வரப் பார்த்தது. வந்தால் வரட்டும் என்று அதைத் தள்ளினாள். நில்லு என்று அவள் தெருவிடம் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. அடுப்புல இருக்கிறதை இறக்கிக்கோங்க என்று வழக்கமாகக் கொடுக்கிற சத்தத்தைக் கூடக் கொடுக்கவில்லை. சொர்ணக்கிளியைப் பார்த்தாள். அவள் பட்டென்று திரும்பி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். பயணம் போகிறவளைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது; முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் கூப்பிட்டுவிடுவோம் என்று பயப்படுகிறவள் அப்படித்தான் திரும்பிக்கொள்வாள். அவளைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரி திரும்பினாள். மைதீன் பாய்லர் பக்கம் திரும்பினான். வாசலுக்கு வாசல், ஒருவர் பாக்கியில்லாமல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

முப்பிடாதி நடந்தாள். காலுக்கு எந்தக் கனமும் இல்லாமல் இருந்தது, நடப்பதே மறந்துபோன மாதிரி. முக்கில் திரும்பும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்று தெரிந்தும் பார்த்தாள். தெரு நின்றிருந்தது. காற்றில்லாமல் வேப்பமரத்து இலையெல்லாம் நடுங்கியது, ஆடு கட்டின கயிறுகள் அவள் பக்கமாக விறைத்து நின்றன, அடிகுழாய் கைப்பிடி ஒருமுறை தானே மேலே போய்க் கீழே வந்தது. ஆனாலும் தெரு இருந்த இடத்தை விட்டு ஒரு விரற்கடை நகரவில்லை.

ஆவுடைக்குப் பெண்பிள்ளை பிறந்தது. முப்பிடாதி போய்ச் சேர்ந்த பிறகு பிறந்தது, உயிரோடு பிறந்தது, பிறந்த உடனே ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுதது. கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் முப்பிடாதி குளியலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, பேத்தியைக் கால்மேல் மல்லாக்கப் போட்டு, வெந்நீரைப் புறங்கையில் ஊற்றிப் பதம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவுடை சுவரைப் பிடிக்காமல் தானே நடந்து வந்து, சொர்ணக்கிளியைப் போனில் பிடித்து, சத்தமாகப் பேசும்படி பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

தெரு இன்னும் விசா ஆபீஸ் வாசலில்தான் இருந்தது. முப்பிடாதி இல்லாமல் அதற்கு நடக்கத் தெரியவில்லை. தண்ணீர் பட்டணத்து லாரியில் வருகிறதாம், கோயில்கொடைத் திருவிழாவை அங்கேயே நடத்தி முடித்தார்களாம், அதற்கு ஆபீசர்மாரும் வரிப்பணம் எழுதினார்களாம். பெரிய ஆபீசர் தினமும் காலையில், தமிழில் சொல்கிற அந்தப் பெண்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறாராம்.

"இன்னைக்கும் வந்தாரு மைனி. அந்தம்மா கண்டிப்பாத் திரும்பி வந்திருவாங்கதானே, தேதி ஏதும் சொன்னாங்களான்னு கேக்காரு. மனுசன் மெலிஞ்சு போயிட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"பிள்ளை பெத்தவ வீட்டுல இருக்கிறவகிட்ட எப்ப வாறன்னு கேக்கிற பழக்கம் எங்க தெருவுல கிடையாதுன்னேன். உங்களுக்கு என்ன அவசரம், உக்காந்து டீயைக் குடிங்கன்னேன்."

முப்பிடாதிக்குச் சிரிப்பு வந்தது. "நீயும் கேக்கலியேளா" என்றாள்.

"நான் எதுக்குக் கேக்கணும்" என்றாள் சொர்ணக்கிளி. "பிள்ளைக்குக் கழுத்து மடிப்புல அழுக்கு நிக்கும், நல்லாத் தேச்சு ஊத்து."

முப்பிடாதி அவசரப்படவில்லை. பேத்தியின் தாடையை ஒரு விரலால் தூக்கி, கழுத்து மடிப்பைப் பிரித்து, நன்றாகத் தேய்த்து ஊற்றினாள்.